வாத்து வந்தாச்சு

கடலைப் பார்த்தே தீருவதென்று குதிரையும் ஆடும் வாத்தும் சேர்ந்து நடக்கத் தொடங்கிப் பன்னிரண்டு நாளாகிவிட்டது. முன்னால் போகிற இரண்டும் ஏதாவது மரத்தடியில் படுத்துவிடும். வாத்து மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும் குதிரை எழுந்து உடம்பை உதறும்.

"வந்துட்டியா? சரி, கிளம்பலாம்."

"உனக்காக எவ்வளவு நேரம் காத்திருந்தோம் தெரியுமா?" என்று ஆடு வேறு சொல்லிக்காட்டும்.

வாத்துக்குப் பற்றிக்கொண்டு வரும். காத்திருந்தார்களாம்! நிழலில் குறட்டை விட்டதற்கு அப்படியொரு பேரா? பகலில் ஒரு நிமிஷமாவது தன்னை உட்கார விட்டார்களா?

கடைசியாகக் கடற்கரைக்கு வந்தபோதும் அதே கதைதான். இரண்டும் காற்று வாங்கி, தூங்கியும் எழுந்திருந்தன.

"வந்துட்டியா? கடலைப் பார்த்தாச்சுல்ல? சரி, ஊருக்குக் கிளம்பலாம்" என்றது குதிரை.

வாத்து நிற்கவே இல்லை. இரண்டுக்கும் நடுவே புகுந்து நேராகத் தண்ணீரில் இறங்கியது. நாலு அலை தாண்டியதும், வீங்கிய கால்களைத் தொங்கவிட்டு ஆனந்தமாக மிதந்தது.

"ஏய், எங்க போற? எங்களால அங்க வர முடியாது!" முழங்கால் தண்ணீரில் தடுமாறியபடி ஆடு கத்தியது.

"மெதுவா வாங்க" என்றது வாத்து. "நான் காத்திருக்கேன்."