மனப்பாடம்

"நிறுத்துங்க, நிறுத்துங்க! இது உங்க வாசிப்பே இல்லை!"

சாக்ஸபோன்காரர் வாத்தியத்தை மடியில் இறக்கிவிட்டு முறைத்தார். பியானோ முன்னால் இருந்தவளுக்குக் கை அப்படியே நின்றுபோனது. தலை முக்கால்வாசி நரைத்த பிறகு ஜாஸ் கற்றுக்கொள்ள வந்தவள் அவள். இந்த அறையில் திட்டு வாங்காத நாளே கிடையாது.

வாத்தியம் பழுதுபார்க்கும் கடையின் பின்னறை அது. சுவரெல்லாம் கம்பி அறுந்த கிட்டார்கள். கடைக்காரர்தான் பேஸ் கிட்டார் வாசிப்பவர். ட்ரம்ஸில் இருந்தவர் சாக்ஸபோன்காரரின் கூடப்பிறந்த தம்பி. மூவரும் சேர்ந்து வாசிக்க ஆரம்பித்து ஒரு ஆயுசே ஆகிவிட்டது.

"எத்தனை தடவை சொல்றது? நான் நாலு வரி வாசிச்சு விட்டா, அதைக் கேட்டு, அந்த நிமிஷம் மனசுல என்ன தோணுதோ அதை நீங்க நாலு வரி வாசிக்கணும். அதுதான் ஜாஸ். நீங்க என்னடான்னா பாடம் ஒப்பிக்கிறீங்க. தாளம் பிசகலை, சுரம் பிசகலை. ஆனா அத்தனையும் எவனோ வாசிச்சது. யாரு அவன்?"

"எனக்கு... தெரிஞ்சவர் ஒருத்தர்."

"ரெக்கார்டைப் போட்டுப் போட்டுக் கேட்டீங்களாக்கும்?"

"பக்கத்துல உட்கார்ந்தே கேட்டிருக்கேன். ரொம்ப வருஷம்."

"நல்லாத்தான் வாசிச்சிருக்கான், படுபாவி!" சும்மா சொல்லக்கூடாது, கோபத்திலும் நியாயம் பேசுகிற மனுஷன். "ஆனா எனக்கு அவன் வேண்டாம்மா. அவனை மறந்துட்டு வாசிங்க."

ட்ரம்ஸ்காரர் கையிலிருந்து குச்சி நழுவி விழுந்தது. குனிந்தவர் நிமிர வெகு நேரம் எடுத்துக்கொண்டார்.

"மறக்க முடியலீங்க" என்றாள்.

"அப்ப நாளையிலேர்ந்து வராதீங்க. கிளிப்பிள்ளைக்குப் பதில் சொல்லிட்டிருக்க எனக்குத் தெம்பில்லை."

அவள் முகம் செத்துவிட்டது.

"அப்படிச் சொல்லாதீங்க. இங்கே வரலேன்னா எனக்குப் போக வேற இடமில்லை. நீங்க பதில் வாசிக்கிறதைக் கேட்கத்தான் பொழுது எப்ப விடியும்னு காத்துக் கிடக்கேன்."

"விடுப்பா. கடைசியா ஒரு தடவை பார்த்துடலாம்" என்றார் பேஸ்காரர்.

சாக்ஸபோன்காரர் முணுமுணுத்துக்கொண்டே வாத்தியத்தைத் தூக்கினார். சட்டைப் பொத்தானை ஓட்டை மாற்றிப் போட்டிருந்ததால் ஒரு பக்கம் மேலே ஏறி நின்றது. அவள் கை தன்னையறியாமல் அந்தப் பக்கம் நீண்டது. பாதியில் சுதாரித்துக்கொண்டு பியானோவுக்குத் திரும்பியது.

அவர் வாசித்தார். யாரையோ வாசலில் நின்று விசாரிப்பதுபோல நாலு வரி. பிறகு நிறுத்தினார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு அழுத்திய முதல் கட்டையே தப்பு. ஐயையோ என்று கையை இழுத்துக்கொள்ளப் போனாள்.

"தப்பை விட்டுட்டு ஓடாதீங்க! அதையே திரும்ப அடிங்க!" என்று கத்தினார் பேஸ்காரர்.

அடித்தாள். மறுபடி அடித்தாள். எங்கே போயிட்டே, எங்கே போயிட்டே என்று கேட்பதுபோல அந்த ஒரே சுரத்தை விடாமல் அடித்தாள். அப்புறம் விரல்கள் தாமாகவே ஓட ஆரம்பித்தன. வீட்டில் வாய்விட்டு அழ முடியாத அழுகையெல்லாம் வந்து கொட்டியது. இதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை.

சாக்ஸபோன்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மெதுவாகப் பதில் சொன்னார். அவள் கேட்டாள், அவர் சொன்னார். அவர் கேட்டார், அவள் சொன்னாள். மற்ற இருவரும் பின்னால் தாளம் மட்டும் பிடித்துக்கொண்டு வழிவிட்டார்கள்.

முடிந்தபோது அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"இதுதாம்மா வாசிப்பு! இப்பதான் நீங்களே வந்திருக்கீங்க. பேரு என்னன்னு சொன்னீங்க?"

சொன்னாள். நேற்றும் சொல்லியிருந்தாள்.

"நல்ல பேரு. நாளைக்குக் கண்டிப்பா வந்துடுங்க. உங்க வீட்டுக்காரர் கொடுத்து வச்சவர்மா. ஒரு நாள் கூட்டிட்டு வாங்களேன், நான் பார்க்கணும்."

"சொல்றேங்க" என்று சிரித்தாள். கண்ணீர் கட்டைகள் மேல் சொட்டியது.

ட்ரம்ஸ்காரர் குச்சிகளைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, அவள் பக்கத்தில் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"அண்ணி, அண்ணனுக்கு மாத்திரை கொடுத்தாச்சா?"