கறுத்தக் கண்ணாடிக் கார்

கோபிசனின் காரில் முன்பக்கக் கதவுக் கண்ணாடிகளும் கறுப்பாகிவிட்டதைச் சண்முகலிங்கம் கண்டது ஒரு திங்கட்கிழமை காலை, பல்கனியில் நின்று தேத்தண்ணி குடிக்கும்போது.

அந்தக் காரின் முன் சீற்றில் அவருடைய மகள் தனுஷியா ஏறினாள். கதவு சாத்தியதும் உள்ளே ஆளே தெரியவில்லை.

சுவிஸில் கூர் நகரத்துக்கு மேலே, மலைப்பாதையில் இருக்கிறது அவர்களுடைய கிராமம். கீழே மருத்துவமனை ஆய்வுகூடத்தில் தனுஷியாவுக்கு வேலை. பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் கோபிசன் அதே மருத்துவமனையில் நேர்ஸ். மூன்று மாதமாக அவன்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போய் வருகிறான். பஸ் இருக்கத்தக்கதாக ஏன் என்று கேட்டதற்கு, நேரம் மிச்சம் என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

சண்முகலிங்கம் ஹோட்டல் சமையற்காரர். பெப்ரவரியில் நெஞ்சில் ஒபரேஷன் செய்து, லீவில் நின்றார். ஒவ்வொரு நாளும் நடக்க வேணும் என்று டொக்டர் சொல்லியும் வீட்டை விட்டு வெளிக்கிடவில்லை. மனைவி இறந்து ஆறு வருடம். வீட்டில் அவரும் மகளும்தான். யோசிக்க அவருக்கு நேரம் நிறைய இருந்தது.

மறைக்க ஒன்றும் இல்லாதவன் கண்ணாடியை ஏன் கறுப்பாக்கினான்?

முன் கண்ணாடிகளை அப்படிக் கறுப்பாக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். பொலிசுக்குப் போன் எடுத்தார். அடுத்த நாளே பொலிஸ் வந்து வீட்டுக்கு முன்னாலேயே காரை மறித்தது. கோபிசன் ஒரு கடதாசியை நீட்டினான். பொலிஸ்காரர் வாசித்துப் பார்த்தார், தலையாட்டினார், போய்விட்டார்.

சண்முகலிங்கம் படியிறங்கி வந்து விசாரித்தார். வெய்யில் படக்கூடாத வருத்தத்துக்கு டொக்டர் கடிதம் குடுத்தது, அதைப் பார்த்து வாகன அலுவலகம் அனுமதி தந்திருக்கிறது என்றான் கோபிசன்.

"ஆருக்கு வருத்தம்? உனக்கோ?"

கோபிசன் கடதாசியை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுக் காரில் ஏறினான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பெடியளின் உதைபந்தாட்டம். எரிக்கிற வெய்யில். கோல் அடித்த கோபிசன் சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினான். சண்முகலிங்கம் கைபேசியில் ஏழு படம் எடுத்தார்.

அடுத்த ரெண்டு கிழமையும் ஒவ்வொரு நாளும் மலைப்பாதையால் நடந்து இறங்கிப் போய், கண்டவர்களுக்கெல்லாம் அவற்றைக் காட்டினார். தமிழ்க் கடையில் காட்டினார், கோயிலில் காட்டினார். கோபிசனுக்கு 'கள்ள வருத்தக்காரன்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். விளையாட்டுக் கழகத்தில் செயலாளர் பொறுப்பையும் அவனிடமிருந்து வாங்கிவிட்டார்கள். அப்போதும் அவன் வாயைத் திறக்கவில்லை. தனுஷியா மட்டும், அந்தக் கதையை விடச் சொல்லித் தகப்பனோடு சண்டை பிடித்தாள். அவருக்குச் சந்தேகம் இன்னும் கூடியது.

கடைசியில் ஒரு முறைப்பாடு எழுதி, படங்களையும் இணைத்துக்கொண்டு, அனுமதி கொடுத்த அலுவலகத்துக்கே நேரில் போனார்.

கவுண்டரில் இருந்த பெண் கடிதத்தை வாங்கினாள். கார் இலக்கத்தைக் கணினியில் அடித்தாள். கடிதத்தின் அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்தாள். பெயரை ஒருமுறை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னாள். அவர் சொன்னார். அவள் கடிதத்தை அவர் பக்கமே திருப்பித் தள்ளினாள்.

"இதை நான் இன்னும் பொறுப்பெடுக்கேல்லை. முதல் வீட்டில ஒருக்கால் கதைச்சிட்டு வாங்கோ."

தன் வீட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பொருமிக்கொண்டு வந்தார். அன்றைக்குத் தனுஷியாவுக்கு லீவு. முறைப்பாட்டை அவள் முன்னால் மேசையில் போட்டு, நடந்ததைச் சொன்னார்.

அவள் அதை முழுதாக வாசித்தாள். பிறகு எழும்பிப் போய்த் தன் கைப்பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்து வந்து, அதன் பக்கத்தில் வைத்தாள். அனுமதியின் பிரதி. கார் உரிமையாளரின் பெயர் கோபிசன். நோயாளியின் பெயர் தனுஷியா சண்முகலிங்கம்.

"லூப்பஸ் எண்டு மார்ச்சில சொன்னவை, அப்பா. வெய்யில் பட்டாக் காய்ச்சல் வரும், மூட்டெல்லாம் வீங்கும். கார்க் கண்ணாடிக்குள்ளாலயும் படும். பின் சீற்றில இருந்தா இந்த வளைவுகளில எனக்குத் தலை சுத்திச் சத்தி வருது. அதுதான் கோபிசன் அண்ணா தன்ர காரில செய்விச்சவர்."

"என்னட்ட ஏன் சொல்லேல்லை?"

"ஒபரேஷன் முடிஞ்சு ஒரு மாதம். உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறது? பிறகு நீங்கள் படம் காட்டித் திரியேக்க ரெண்டு தரம் சொல்ல வெளிக்கிட்டனான். கோபிசன் அண்ணாதான் வேண்டாம், உங்கட அடுத்த செக்கப் முடியட்டும் எண்டவர்."

சண்முகலிங்கம் அவளுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். மருந்து என்ன, டொக்டர் யார், சாப்பாட்டில் எதைத் தவிர்க்க வேணும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் எல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுடைய முகம் இலேசாகியது.

பின்னேரம் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் மணியை அடித்தார். கோபிசன் கதவைத் திறந்தான். அவருடைய முகத்தைப் பார்த்ததுமே அவனுக்கு விளங்கிவிட்டது.

"தம்பி, ஊரெல்லாம் உன்னைக் கேவலமாச் சொல்லிக்கொண்டு திரிஞ்சிட்டன். நாளைக்கு ஒவ்வொரு இடமாப் போய் நானே மாத்திச் சொல்லுறன். நீ ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருக்கலாமே."

கோபிசன் அவரை உள்ளே கூப்பிட்டு, கதிரையை இழுத்துப் போட்டான்.

"ஏன் அங்கிள்? என்னைப் பற்றிச் சொல்லவெண்டு இந்த ரெண்டு கிழமையும் ஒவ்வொரு நாளும் மலை ஏறி இறங்கி நடந்தனீங்கள். உங்கட நெஞ்சுக்கு டொக்டர் செய்யச் சொன்னதும் அதைத்தானே."