போர்டிக்சனில் ஒரு ஞாயிறு

கல்யாணமாகி முப்பத்தைந்து வருடத்தில் முதன்முறையாக முனியாண்டி, "வல்லி, கெளம்பு. போர்டிக்சன் போய்ட்டு வரலாம்" என்றபோது குமுதவல்லிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கடற்கரை ஹோட்டலில் ஓவியக் கண்காட்சி நடந்தது. ஒவ்வொரு படத்தின் முன்னாலும் அவளை நிறுத்தி நிறுத்திக் காட்டினார்.

"ஏங்க, இதெல்லாம் உங்களுக்குப் புரியுதா?"

"புரியாட்டி என்னலா? பாக்க அழகா இருக்குல்ல?"

அப்புறம் பட்டம் விடும் போட்டியைப் பார்த்தார்கள். பாசார் சந்தையில் குச்சியில் குத்திச் சுட்ட சாத்தே இறைச்சி வாங்கிக் கொடுத்தார்.

"நாலு மணியாச்சுங்க, வீட்டுக்குப் போலாம்."

"கடல்ல கால நனைச்சிட்டுப் போவோம், இரு."

இவரைப் போய்க் கல்நெஞ்சக்காரர் என்று இத்தனை நாள் ஏசினோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் கார் அவர்கள் குடியிருந்த ரப்பர் தோட்டத்துக்குள் நுழைந்தது. தொழிலாளர் லயத்தில் அவர்களுடைய வீடு இருந்த இடத்தில் செம்மண்ணும் உடைந்த பலகைகளும் கிடந்தன. பக்கத்தில் புல்டோசர் நின்றது.

"எல்லாரும் காலி பண்ணிட்டுப் போய்ட்டாங்க. நீ ஒருத்திதான் போன மாசம் மெசினு முன்னால படுத்துட்ட." முனியாண்டி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "காலி பண்றோம்னு நான் கையெழுத்துப் போட்டுட்டேன் வல்லி. சாமானெல்லாம் ரெம்பாவ் டவுன் பிளாட்டுக்குப் போயிருச்சு."

"என்னெ வெளிய கூட்டிட்டுப் போகச் சொன்னது யாரு?"

"மேனேஜருதான். பொழுது சாயுற வரைக்கும் வச்சிருந்தா போதும்னாரு."

குமுதவல்லி காரிலிருந்து இறங்கினாள். புல்டோசருக்கு முன்னால் போய், செம்மண்ணில் படுத்துக்கொண்டாள்.

எழுந்திருக்கச் சொல்லி யாரும் அதட்டவில்லை. புல்டோசரை ஓட்டியவன் வேலை முடிந்து எப்போதோ வீட்டுக்குப் போயிருந்தான்.