வியாகுலமேரி நுழைந்த வீடு

“யக்கா, அங்கிட்டே நில்லுங்க. ஒங்கள யாரு இங்க கூப்பிட்டா?”

குழந்தைசாமி வாசலை மறித்துக்கொண்டு நின்றான். மத்தியான வெயிலில், தலையில் முக்காட்டோடும் கக்கத்தில் ஒரு துணிப்பையோடும் எதிரே நின்றாள் வியாகுலமேரி.

“யாரும் கூப்பிடல. நானாத்தான் வந்தேன். வழிய விடு, தம்பி.”

அவன் நிலைப்படியில் கையை இன்னும் அகல விரித்தான்.

ஆவூர்ப் பக்கத்தில் அது ஒரு சின்னப் பட்டி. வியாகுலமேரி தெருவில் நடந்தால், அவள் எந்த வீட்டுக்குத் திரும்புகிறாள் என்று பார்த்துவிட்டுத்தான் மற்றவர்கள் மூச்சு விடுவார்கள். சாகக் கிடக்கிறவர்களுக்குத் துணை இருப்பது அவள் வழக்கம். தலைமாட்டில் உட்கார்ந்து செபம் சொல்வாள். வாயில் பால் விடுவாள். கடைசியில், கோயிலில் மந்திரித்து வாங்கிய மெழுகுதிரியைக் கொளுத்திப் போகிறவர் கையில் கொடுத்து, அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் மூடிக்கொள்வாள். புருஷன் பிள்ளை இல்லாதவள். யார் வீட்டிலும் ஒரு வாய்க் காப்பிகூட வாங்கிக் குடித்ததில்லை.

நல்ல மனுஷிதான். ஆனால் அவள் போன வீட்டில் ஆள் பிழைத்ததில்லை. அவள் தலையைக் கண்டால் குழிவெட்டுகிற பிச்சை உடனே மண்வெட்டியைத் தேடுவான் என்று கேலி பேசுவார்கள். அம்பத்திரண்டாம் வருஷப் புயலுக்கு மறுவாரம், காய்ச்சல் தெளிந்து எழுந்து உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்த இன்னாசி வீட்டுக்குள் இப்படித்தான் கூப்பிடாமல் நுழைந்தாள். பொழுது சாய்வதற்குள் இன்னாசி போய்விட்டான்.

“ஞானமணிக்கு ஒண்ணுமில்லக்கா. ஊசி பிடிச்சிருச்சுன்னு புதுக்கோட்டை டாக்டரே சொல்லிட்டாரு. ரெண்டு நாளா இருமலே இல்ல.”

“சந்தோசம்” என்றாள் அவள். சொல்லிக்கொண்டே அவனை விலக்கி உள்ளே வந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

அவன் மனைவி ஞானமணிக்கு இரண்டு வருஷமாகக் காசநோய். தெரிந்த நாளிலிருந்து சொந்தபந்தம் ஒன்றும் அந்தப் படியை மிதிக்கவில்லை. கஞ்சி ஊட்டுவது, எச்சில் சட்டி கழுவுவது, துணி அலசுவது எல்லாம் குழந்தைசாமிதான். அவள் இருமும்போதெல்லாம் கையைப் பிடித்துக்கொள்வான். விட்டால் போய்விடுவாள் என்று பயம். இப்போதுதான் அவள் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடுகிறது. இந்த நேரம் பார்த்தா இவள் வர வேண்டும்!

“வாங்க மதினி” என்று கட்டிலிலிருந்து எழப் பார்த்தாள் ஞானமணி.

“நீ பேசாமப் படு!”

அவசரமாகப் போர்வையை இழுத்து மனைவியின் பாதங்களை மூடினான். வியாகுலமேரி முதலில் காலைத்தான் தொடுவாள். உள்ளங்கால் சில்லிட்டதை வைத்தே நேரம் சொல்லிவிடுவாள். தொடவிடாவிட்டால் ஒன்றும் நடக்காது என்று அவன் மனசு அடம்பிடித்தது.

அவளோ கட்டில் பக்கம் திரும்பவே இல்லை. தன் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டு செபமாலையை உருட்டினாள்.

மணி மூன்றானது. நான்கானது. எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, சிலுவை போட்டுக்கொண்டு ஓடினாள். அதற்குப் பிறகு தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாய்ச் சாத்தும் சத்தம் கேட்டது.

“கொஞ்சம் வெந்நீர் இருக்கா, தம்பி?”

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்லா வீட்டிலும் கடைசி நேரத்தில் அவள் கேட்பது அதுதான், உடம்பு துடைக்க.

“இல்ல! அடுப்பே மூட்டல!”

அவனுக்குப் பின்னால் அடுப்பில் பானை கொதித்துக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். மறுபடி செபமாலையை உருட்டத் தொடங்கினாள்.

அவன் ஓடிப்போய் ஞானமணியின் கையை இறுகப் பிடித்தான். கை கதகதவென்று இருந்தது.

“வலிக்குதுங்க” என்று சிரித்தாள் அவள். “பசிக்குது. கஞ்சி தாங்க.”

இரண்டு குவளை குடித்தாள். குடித்துவிட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். சாகப்போகிறவள் இப்படியா கேட்பாள்? அவனுக்கு உயிர் வந்தது. வந்த வேகத்தில் இன்னொரு எண்ணமும் வந்தது. இவளுக்கு இல்லையென்றால், இந்த வீட்டில் இருக்கிற இன்னொரு ஆள் நான்தானே?

“யக்கா, ஒளிக்காமச் சொல்லிருங்க. எனக்கா? நான் போயிட்டா இவள யாரு பாப்பா?” அழுதேவிட்டான்.

கோயிலில் சாயங்கால மணி அடித்தது. வியாகுலமேரி பையிலிருந்து மெழுகுதிரியை எடுத்து நீட்டினாள்.

“இங்கிட்டு வந்து இதக் கொளுத்து, கொழந்தசாமி.”

கிட்டே வந்து கொளுத்தினான். இதோ, தன் கையில்தான் கொடுக்கப் போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டான்.

“ஊருல எல்லாருக்கும் நான் போய் இருந்தேன். எனக்கு வந்து இருக்க ஆளில்ல. பிடிச்ச கைய விடாதவன் நீ ஒருத்தன்தான், அதான் ஒன் வீட்டுக்கு வந்தேன்” என்று சொல்லி, திரியைத் தன் கையிலேயே வாங்கிக்கொண்டாள் அவள். “காலையிலேருந்து காலு குளிருதுப்பா. இப்பவாச்சும் அந்த வெந்நீரக் கொண்டா.”