ஃபோர்மேனுக்குக் காய்ச்சல்

"என் பூனைக்கு வால் சரியில்லை, டாக்டரம்மா. வியாழக்கிழமைக்கு எழுதிக்கோங்க."

போனில் ஆல்சிட் டெரியோ. நோரீன் அப்போது ஒரு தொழுவத்தில், பசுவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, வாலுக்கு என்ன என்று கேட்டாள்.

"தொங்குது."

"எல்லாப் பூனைக்கும் வால் தொங்கத்தானே செய்யும்?"

"இது மனசு உடைஞ்ச தொங்கல்."

நோரீன் வேனில் வீடு வீடாகப் போய் வைத்தியம் பார்க்கும் கால்நடை டாக்டர். போன் எடுப்பதும் அவள், நாள் குறிப்பதும் அவள், வண்டி ஓட்டுவதும் அவள். முதலாளியும் தொழிலாளியும் ஒருத்தியே என்பதால் லீவு மட்டும் கிடைப்பதில்லை.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் அவள் சுற்றும் பகுதியில், போன வருஷ வெள்ளம் ஒரு ஆற்றுப் பாலத்தைக் கொண்டுபோய்விட்டது. அக்கரைக்கு ஒரு மணி நேரம் சுற்றிப் போக வேண்டும். அதனால் மாதம் ஒரு வியாழக்கிழமைதான் போவாள். அதுவும் இரண்டு வீட்டிலிருந்தாவது கூப்பிட்டால்தான்.

அங்கே இருப்பதே எதிரெதிராக இரண்டு வீடு. ஒன்றில் ஆல்சிட். மற்றதில் ராய்ஸ் டிபெட்ஸ்.

முப்பது வருஷத்துக்கு முன் காகித ஆலையில் ஸ்டிரைக். ஆல்சிட் பதினாலு மாதம் வாசலில் கோஷ அட்டையோடு நின்றார். ராய்ஸ் மூன்றாவது மாதமே உள்ளே போய் ஆல்சிட்டின் மெஷினில் நின்றார். அப்புறம் முதலாளி ஆலையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டான். பகையை மட்டும் தொழிலாளிகளுக்கு விட்டுவிட்டுப் போனான்.

இருவருக்கும் அன்றிலிருந்து பேச்சு இல்லை.

ஆல்சிட் போன் செய்தால் முதல் கேள்வியே, "அந்தக் கருங்காலி கூப்பிட்டானா?" என்பதுதான். ஆமாம் என்றால் உடனே அவர் பூனைக்கு ஒரு வியாதி வந்துவிடும். பூனையின் பெயர் ஃபோர்மேன். ஆலை ஃபோர்மேன் மாதிரி பகல் பூரா தூங்குவதால் வைத்த பெயர்.

எதிர்வீட்டுக்குக் கிடைப்பது தனக்கும் கிடைக்க வேண்டும் என்ற வீம்பு என்றே நோரீன் நினைத்தாள்.

ராய்ஸின் தேவையோ நிஜம். அவருடைய கிழட்டு நாய் பேர்லுக்கு மூட்டுவாதம். மாதம் ஒரு ஊசி தவறினால் பின்னங்கால் எழும்பாது. தூக்கி வண்டியில் ஏற்ற ராய்ஸுக்கு இடுப்பில் பலமில்லை.

இந்த மாதம் இக்கரையில் ஒரு ஆட்டுப்பண்ணைக்காரி, குட்டி போடும் நேரம் என்று அதே வியாழக்கிழமைக்குக் கெஞ்சினாள். நோரீன் நோட்டைப் புரட்டினாள். ஃபோர்மேனை ஏழு தடவை பார்த்திருக்கிறாள். காது, நகம், ஏப்பம். ஒரு தடவைகூட வியாதி இல்லை.

பூனையின் பேரை அடித்துவிட்டாள். ஒரு வீடுதான் மிச்சம் என்பதால் ராய்ஸைக் கூப்பிட்டு, இரண்டு வாரம் தள்ளி வருவதாகச் சொன்னாள். மாத்திரையில் தாங்குமா என்று மட்டும் அவர் கேட்டார்.

அடுத்து ஆல்சிட்.

"உங்க பூனை பேரை அடிச்சிட்டேன். அது என்னைவிட நல்லா இருக்கு."

சண்டை வரும் என்று பார்த்தாள். வரவில்லை.

"சரி, அடிச்சுக்கோங்க. வண்டி எத்தனை மணிக்கு வரும்?"

"வராது. ஒரு வீட்டுக்காக அவ்வளவு தூரம் எப்படி வர்றது?"

"அப்போ அந்த நாய்?"

"ரெண்டு வாரம் பொறுக்கணும்."

"பனி பெய்ஞ்சு நீங்க வரமுடியாமப் போன மாசம் அது நாலு நாள் தவழ்ந்துச்சு. ஜன்னல்லேருந்து பார்த்தேன்."

நோரீன் நோட்டில் தான் அடித்த கோட்டைப் பார்த்தாள்.

"கருங்காலி வேலை பார்த்தது அவன். நாய் யாருக்கும் துரோகம் பண்ணல. எழுதுங்க டாக்டரம்மா. ஃபோர்மேனுக்குக் காய்ச்சல்."

"எத்தனை டிகிரி?"

"நீங்க வர்றதுக்கு எவ்வளவு வேணுமோ, அவ்வளவு."

இது ராய்ஸ் காதுக்குப் போனால் தெருவே சேர்ந்து அவளைப் புறக்கணிக்கும்படி செய்துவிடுவேன் என்றும் மிரட்டினார். அந்தத் தெருவில் இருப்பதே இரண்டு வீடு என்று அவள் நினைவுபடுத்தினாள். பாதித் தெரு போதும் என்றார்.

ஆட்டுப்பண்ணைக்குப் புதன்கிழமையே போய்வந்தாள். ராய்ஸுக்கும் பழையபடி வியாழனே என்று சொல்லிவிட்டாள்.

அன்று ராய்ஸின் அடுக்களையில் பேர்லுக்கு ஊசி போட்டு முடித்தபோது, எதிர்வீட்டு ஜன்னலில் திரை லேசாக விலகி மூடிக்கொண்டது.

"ஃபோர்மேனுக்கு இந்த மாசம் என்னவாம்?" என்றார் ராய்ஸ், நாயின் காதை வருடியபடி.

"காய்ச்சல்" என்றாள் நோரீன், முகம் மாறாமல்.

"பாவம். உலகத்திலேயே தினம் மூணு எலி பிடிக்கிற நோயாளி அது ஒண்ணுதான்."

நோரீன் நிமிர்ந்து பார்த்தாள். பூனையின் வியாதியெல்லாம் பேர்லுக்காகத்தான் என்று முதல் மாதமே தெரியும் என்றார் ராய்ஸ்.

பிறகு இன்னொன்றும் சொன்னார். அவள் தேதியைத் தள்ளிய அன்றே தங்கை மகனைக் கூப்பிட்டாராம். இனிமேல் மாதாமாதம் பேர்லைத் தானே டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதாக அவன் சொன்னானாம். பழையபடி வியாழனே என்று தெரிந்ததும் இவர்தான் வேண்டாம் என்றுவிட்டாராம்.

"ஏன்? அதுதானே உங்களுக்கு வசதி?"

ராய்ஸ் எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்தார்.

"அடுத்த மாசமும் என் பேரை எழுதிக்கோங்க, டாக்டரம்மா. முப்பது வருஷத்துல ஆல்சிட் என்கூடப் பேசுறது இது ஒண்ணுதான்."