இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போனவர்

ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷனில், கடிகாரத்துக்குப் பின்னால் ஒரு பல்லி குடியிருந்தது. எதையாவது விசாரிக்காவிட்டால் அதற்குப் பூச்சி தொண்டையில் இறங்காது.

அன்று ஒன்றரை மணி வண்டி ஐந்தாகியும் வரவில்லை. பெஞ்சில் இருந்த பயணி ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் புலம்பினார்.

“டிக்கெட் விலையை ஏத்திக்கிட்டே போறாங்க. எல்லாம் இந்த ஆளுங்க ஓவர்டைமுக்குத்தான் போகுது.”

அவர் கைகாட்டிய இடத்தில், வண்டிகளுக்குக் கொடி காட்டும் பாயிண்ட்ஸ்மேன் இருளப்பன் நின்றிருந்தார். அடுத்த ஷிப்டுக்கு ஆள் வராததால், காலையில் எடுத்த பச்சைக் கொடி இன்னும் அவர் கையிலேயே இருந்தது.

அந்த ஓவர்டைம் எவ்வளவுதான் இருக்கும்? பல்லி ஆபீஸுக்குள் ஊர்ந்து போய், வருகை பதியும் கைரேகை மெஷினிடம் கேட்டது.

“இருளப்பனா? ஓவர்டைமே கிடையாது. ரெண்டு மணிக்கு டூட்டி முடிஞ்சு வீட்டுக்குப் போயிட்டார்.”

“இப்பதானே வெளியே பார்த்தேன்.”

“விரல் வச்சிட்டா போயிட்டார்னு அர்த்தம். ரெண்டைத் தாண்டி வச்சா, ஏன் இருந்தேன்னு மேலேயிருந்து விளக்கம் கேப்பாங்க. அதனால எல்லாரும் டாண்ணு ரெண்டுக்கு வச்சிடுவாங்க.”

“அப்ப கொடியோட நிக்கிறது யாரு?”

மெஷின் தன் கணக்கை ஒருமுறை புரட்டிப் பார்த்தது. “அங்கே யாரும் இல்லை.”

அதற்குள் வண்டி வந்துவிட்டது. பல்லி ஜன்னலுக்கு ஓடியது. புலம்பியவர் முண்டியடித்து ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்தார். அங்கே இல்லாத அந்த ஆள் பச்சைக் கொடியை அசைத்தார். வண்டி கிளம்பியது.