பத்துக்கு மூன்று

“திண்டிவனத்து மெசின் இந்தப் பொண்ணு வேணாம்னுடுச்சும்மா. உன் மெசினாவது நல்லதா ஒரு வார்த்தை சொல்லுதான்னு பாரு.” ஒலக்கூர் சுப்பராயலு எதிரே உட்கார்ந்து, மஞ்சள் தடவிய இரண்டு சீட்டுகளை எடுத்தார்.

விழுப்புரத்தில் அந்தக் கம்ப்யூட்டர் ஜாதகக் கடைக்குப் புது மெசின் வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. வாசலில் ‘1988 மாடல்’ என்று சிவப்பில் எழுதியிருந்த போர்டைப் பார்த்துத்தான் அவர் உள்ளே வந்திருந்தார். சீட்டுகளைப் பார்த்ததும், மெசின் முன்னால் இருந்த காந்திமதி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“பேரைச் சொல்லட்டுமா?”

“பேரு வேணாங்க. மெசின் அதைக் கேக்காது.”

பையன் விவரத்தை முதலில் படித்தார். பிறகு அடுத்த சீட்டைக் கண்ணருகே பிடித்தார். “பொண்ணு சதய நட்சத்திரம்...” அவர் எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் எண்கள் எல்லாம் திரையில் ஏறியிருந்தன.

“அடேயப்பா, என்னா ஸ்பீடு!” என்றவர், ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துச் சீட்டோடு ஒத்துப் பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தன.

மெசின் யோசிக்கத் தொடங்கியது. திண்டிவனத்தில் ஒரு நிமிஷத்தில் முடிகிற வேலைக்கு இங்கே ஏழு நிமிஷம் ஆகும்.

“என் பையன் லைன்மேன். அந்தப் பொண்ணை பஸ்ல பாத்துட்டு, கட்டுனா அதைத்தான்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். எனக்கும் ஆசைதான். பத்துக்கு அஞ்சு வந்தா போதும், மல்லாட்டை அறுவடை முடிஞ்சதும் தாலிதான்.” குரலைத் தாழ்த்தினார். “ஆனா மீறிப் பண்ண மாட்டேம்மா. பெரிய பொண்ணுக்குப் பொருத்தம் பாக்காம முடிச்சேன். மூணே மாசத்துல திரும்பி வந்து வூட்ல குந்திக்கினு இருக்குது.”

“ஐயா, ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காதீங்க. பழைய மெசினு புரோகிராம் இதுல ஓடாது. மெட்ராஸ்லேர்ந்து ஒரு பிளாப்பி வாங்கியாந்து, புதுசைப் பழசு மாதிரி நடிக்க வச்சிருக்கோம், அதான் இவ்ளோ லேட்டு. திண்டிவனமும் எங்க முதலாளி கடைதான். அங்க ஓடுற அதே புரோகிராம்தான் இங்கியும் ஓடுது. அங்க தப்புன்னா இங்கியும் தப்புதான்.”

“அங்க என்னா தப்பு?”

“சதயம்னா யாருக்குமே மூணுக்கு மேல வர்றதில்லீங்க. புரோகிராம் எழுதும்போதே ஏதோ தப்பாயிருக்குது.”

முதலாளியிடம் ஏற்கெனவே இரண்டு முறை சொல்லிப் பார்த்திருந்தாள். எழுதிய ஆள் துபாய்க்குப் போய்விட்டான், அதைத் திருத்த யாருக்கும் தெரியாது என்றார். இதுவரை பதினொரு சதயப் பெண்களுக்கு அவள் கையாலேயே தாளைக் கிழித்துக் கொடுத்திருக்கிறாள்.

பிரிண்டர் கிரீச்சிட்டது. பத்துக்கு மூன்று.

சுப்பராயலு அந்த எண்ணின் மேல் விரலை வைத்தார். “ரெண்டு டாக்டரும் ஒண்ணே சொன்னப்புறம் பேச என்னாம்மா இருக்குது?”

“ரெண்டு டாக்டர் இல்லீங்க. ஒரே டாக்டரு, சட்டையை மாத்திக்கினு வந்திருக்காரு.”

“கஸ்டமர்கிட்ட என்னா வாயி?” உள்ளறையிலிருந்து முதலாளி அதட்டினார். “ஜல்தியா அனுப்பும்மா, வெளியில நாலு பேரு நிக்கிறாங்க.”

காந்திமதி தாளைக் கிழித்து நீட்டினாள். அவர் அதை நாலாக மடித்துச் சீட்டுகளோடு சேர்த்து வைத்துக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

“யாரு பெத்த பொண்ணுக்கோ இவ்ளோ நேரம் மல்லுக்கட்டுன பாரு. உன்னாட்டம் ஒருத்தி எங்க வூட்டுக்கு வந்தா போதும். உன் பேரு என்னாம்மா?”

“அந்தச் சீட்டுலயே இருக்குதுங்க.”